சுப்பராயலுவுக்கு வைத்த ஒப்பாரி

என் பெண்டாட்டி சூசை மேரி பாட்டுக்காரியாகப் பேர் எடுத்தது ஒரு பிணத்தால். அந்தப் பிணம் இன்றைக்கும் விழுப்புரத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

நான் அமிர்தசாமி, திண்டிவனத்து ஆர்மோனியக்காரன். கல்யாணம் இருந்தால் வாசிப்பேன், இல்லாத நாளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போவேன். மேரி நடவுக்குப் போகிறவள். வயலில் மற்றப் பெண்கள் பழைய பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, இவள் அதே மெட்டில் புதிதாக ஒன்றைக் கட்டிவிடுவாள். மேஸ்திரி காலை நண்டு கடித்தது, கல்யாணத்தன்று நான் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனது எல்லாம் பாட்டாகிவிட்டது. என் ஆர்மோனியம் மட்டும் எந்தப் பாட்டிலும் வராது. பன்னிரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இந்தத் தகர டப்பாவ அப்பால வையி."

முப்பத்தெட்டாம் வருஷம் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது. அங்கே மேரி வைத்த ஒப்பாரியைக் கேட்டு, வழியோடு போன ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். விழுப்புரத்து சுப்பராயலு. கிராமபோன் பெட்டியைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் பாட்டுப் பிளேட் விற்கும் ஏஜெண்டு. செத்தவர் யாரென்றே தெரியாமல் மேல்துண்டு நனைய அழுதார். மறுநாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"மெட்ராஸ்ல பிளேட் போடலாம்மா. ஒரு பக்கம் நடவுப் பாட்டு, ஒரு பக்கம் ஒப்பாரி. இது வித்துச்சின்னா கம்பெனிக்காரன் மேல மேல போட்டுக்கினே இருப்பான். இல்லன்னா இதோட சரி."

மேரியிடம் பதினோரு பாட்டு தயாராக இருந்தது. அன்று கேப்பைக் களி அடிபிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. "நான் போவாத ஊருக்கெல்லாம் என் பாட்டு போவுமாய்யா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மெட்ராஸில் சுவரெல்லாம் கம்பளம் தொங்கவிட்ட ஒரு அறை. பக்கவாத்தியம் என் ஆர்மோனியம். ஒரு வெள்ளைக்காரத் துரை மெழுகுத் தட்டில் பாட்டைப் பிடித்தார். பக்கத்துக்கு ஒரு தட்டு, மூன்று நிமிஷம். எங்களுக்கு ஒதுக்கியது இரண்டே தட்டு என்பதால் பிசகினாலும் மறுபடி கிடையாது. நடவுப் பாட்டு ஒழுங்காக முடிந்தது. ஒப்பாரியைப் பிடிக்க ஆரம்பிக்கும் அடையாளமாகச் சிவப்பு விளக்கைப் போடப் போகும்போது மேரி கையை நீட்டித் தடுத்தாள்.

"பொணம் எங்க?"

"பொணமா?" என்றார் சுப்பராயலு.

"சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வெச்சா அந்த எடத்துக்கு ஆவுமா ஐயா? நாளைக்கு இந்தத் துரைக்கு ஒண்ணு ஆயிப்போச்சின்னா?"

சுப்பராயலு கெஞ்சினார், கையைப் பிசைந்தார். "பேஜாரு பண்ணாதம்மா, துரை நேரத்தப் பாக்கறாரு!" என்றார். இவள் அசையவில்லை. கடைசியில் அவரே சட்டையைக் கழற்றிவிட்டுக் தரைக் கம்பளத்தில் நீட்டிப் படுத்தார். மேரி அவருடைய கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

"பேரு சுப்பராயலு, ஊரு விழுப்புரம், தொழிலு பாட்டு விக்கறது, சரிங்களா? கண்ண மூடிக்கங்க."

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். செத்தவரைப் பேர் சொல்லி அழுவதுதானே ஒப்பாரி? விளக்கு எரிந்தது. மேரி மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பொட்டி சுமந்த தோளு – என் சுப்பராயலு ராசா
பொசுக்குன்னு சாஞ்சதென்ன
ஊரெல்லாம் பாட்டு வித்தீர் – விழுப்புரத்து ராசா
உம்ம பாட்டு நின்னதென்ன"

கட்டின புருஷன் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிக்க, இவள் வேறு ஒருத்தரை மூன்று நிமிஷத்துக்கு ராசா ராசா என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது, தலையை ஆட்டித் தட்டை மூடிவிட்டார். சுப்பராயலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஊர்ல ஆயிரம் சுப்பராயலு, யாரு கண்டாங்க?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

கண்டது அவருடைய மச்சான், விருத்தாசலம் என்கிறவர். பிளேட் வெளிவந்து திண்டிவனம் காபி கிளப்பில் சுற்றியது. இவர் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனார். விழுப்புரம், சுப்பராயலு, பெட்டி சுமந்த தோள் என்று கேட்டதும் இட்லி இலையிலேயே விழுந்தது. அடுத்த ரயிலில் இருபது பேரைத் திரட்டிக்கொண்டு, மாலையோடும் தங்கை ஜெயத்துக்குப் போர்த்தக் கோடிப் புடவையோடும் கிளம்பிவிட்டார்.

சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு போவதுதான் வழக்கம். நின்று விசாரிக்கிற பழக்கம் இல்லை. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்த ஜெயம், தாய்வீட்டில் அம்மாதான் போய்விட்டாள் என்று நினைத்து அவரைக் கட்டிக்கொண்டு கதறினாள். வந்தவர்கள் சுப்பராயலுவுக்காக அழுதார்கள், ஜெயம் தன் அம்மாவுக்காக அழுதாள். அந்த அம்மாவோ கூட்டத்தின் நடுவில் எல்லோரையும்விடப் பலமாக அழுதுகொண்டிருந்தாள். அரைமணி நேரம் இது நடந்தது. கொல்லையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சுப்பராயலு, கோவணத்தோடு சொட்டச் சொட்ட வந்து, "யாரு செத்தது?" என்று கேட்டார். நாலு பெண்கள் மயங்கி விழுந்தார்கள்.

மறுநாள் எங்கள் வாசலில் நின்று அவர் போட்ட கூச்சல் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். "பொழைச்சிக்கினு இருக்கறவனுக்கு மால வாங்கியாந்துட்டாங்க! இனிமே மெட்ராஸ் பக்கம் தலை வெச்சிப் படுக்காத. உனக்கு இனிமே மெழுகே கெடையாது!"

அதன் பிறகு மேரி நடவுக்குப் போனாள், வாயைத் திறக்காமல் நட்டுவிட்டு வந்தாள். கூட நின்ற பெண்கள் பாடச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றாள். ராசா பாட்டு ஒழிந்தது என்று முதலில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு வாரம் அந்த மௌனத்தோடு சாப்பிட்டதும் என்மேலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒரு மாசம் கழித்து சுப்பராயலு மறுபடி வந்தார். கோபத்தில் உடைத்துவிடுவாரோ என்று நான் ஆர்மோனியத்தை ஒளித்து வைத்தேன். அவரோ சாதுவாக உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"ஜனங்க என்னப் பாக்கத்தான் வர்றாங்கம்மா. ஒப்பாரி வாங்கின மனுசன் உசுரோட எப்படி இருக்கான்னு பாக்கறாங்க. வந்தவங்க ஆளுக்கொரு பிளேட் வாங்கிக்கினு போறாங்க. கம்பெனிக்காரன் ஜல்தியா அடுத்தது கேக்கறான்." தண்ணீரைக் குடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். "இருவது வருசமா பொட்டி சுமக்கறேன். அந்தத் தோளப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. அந்தப் பாட்டக் கேட்டப்புறந்தான் ஜெயம் தோளுக்கு எண்ண காச்சி ஊத்தறா. இந்தவாட்டியும் நானே படுக்கறேம்மா."

மேரியின் முகத்தில் உயிர் வந்தது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. "ஒரு ஆளுக்கு ஒருவாட்டிதான் ஒப்பாரி, ஐயா. வேற ஆளு வேணும்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வாசிக்க வேணாமா?" என்றேன்.

"நீ படுய்யா. டப்பா ஒரு நாளு சும்மா கெடக்கட்டும்."

அதே அறை, அதே துரை. என் கால் விரல்களை மேரி இறுக்கிக் கட்டினாள். கோட்டுக் கதையைத்தான் பாடி மானத்தை வாங்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். விளக்கு எரிந்தது.

"வெரலு பட்ட கட்டையெல்லாம் – என் அமிர்த ராசா
வாய் தொறந்து பேசிடுமே
தண்ணி போல ஓடும் பாட்ட – என்னக் கட்டின ராசா
வரப்பு போல காத்தீரே"

பன்னிரண்டு வருஷம் இதை எங்கே வைத்திருந்தாள்? எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். மூன்றாம் நிமிஷம் முடிகிற நேரத்தில் என் தொண்டையிலிருந்து ஒரு கேவல் கிளம்பி அறை முழுக்கக் கேட்டது. துரை துள்ளி எழுந்தார். அதற்குள் மெழுகு அதைப் பிடித்துவிட்டது.

"செத்தவன் அழுவலாமாய்யா?" என்று கால்கட்டை அவிழ்த்தாள் மேரி. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

யுத்தம் வந்து பிளேட் போட அரக்கு கிடைக்காமல் போவதற்குள் அவளுக்கு எட்டு பிளேட் வந்துவிட்டது. அவள் பார்க்காத ஊர்களில் எல்லாம் அது பாடுகிறது. அந்த இரண்டாவது பிளேட்டின் கடைசியில் வருகிற சத்தம் என்ன என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். மேரி என்னைப் பார்க்காமலே சொல்வாள்:

"அதான் எங்க ஊட்டு ஆர்மோனியம்."