என் கால் கனமாம்

என் வலது கால் கனம் என்று என் வீட்டுக்காரர் தீர்ப்பு சொல்லிவிட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக அந்தக் காலோடுதான் அவர் வீட்டில் நடமாடுகிறேன். இதுவரை தரை எதுவும் பிளக்கவில்லை. கார் எகிறிக் குதிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு என் காலின் எடை தெரிய வந்திருக்கிறது.

இதைச் சொல்கிற மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைக் கடைந்து தலைமுடி அளவு பிசகாமல் கொடுப்பார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போக வர சைக்கிள்தான்.

திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் பிறந்தபோது விட்ட நர்ஸ் வேலை, இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குச் சொந்தக் கார் வேண்டும், ஒழுங்காக ஓட்டவும் வேண்டும். முதல் நாள் வேலை கொடுத்தவர்களுடைய தலைமை நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் தலையசைத்தால் வேலை, இல்லாவிட்டால் மறுபடி வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

காருக்கு வயசு இருபத்தாறு. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுபடும், அது இன்ஜினின் வாயில் இருக்கிற வட்ட மூடியைத் திறந்து காற்றை உள்ளே விடும். அந்த வாய்க்குத்தான் த்ராட்டில் பாடி என்று பெயர். எங்கள் வண்டியில் மூடியின் தண்டு தேய்ந்துபோய், கண்ட நேரத்தில் காற்றைக் குடித்துவிட்டு, சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும். புதுசு வாங்கலாம் என்றால் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம்.

என் தம்பி பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறவன். ஒரு வேனிலிருந்து கழற்றிய த்ராட்டில் பாடியை எண்ணெய்த் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வந்தான்.

"மாமா, இது புத்தம் புதுசு மாதிரி. ஆனா நம்ம வண்டிக்கு நேரா உக்காராது."

"உக்கார வைக்கலாம் மச்சான்," என்றார் இவர்.

போல்ட் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இவர் விரல் தடிமன் அலுமினியத் தகட்டில் இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி துளை போட்டு நடுவில் வைத்தார். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. அடுத்தது கேபிள். பழையதில் அது இந்தப் பக்கத்திலிருந்து வரும், வேனுடையதில் அந்தப் பக்கம். அதனால் கேபிளின் உறையைப் பிடித்துக்கொள்ள இரும்பில் புதிதாக ஒரு பிராக்கெட் செய்து, பானட்டுக்குள்ளே காரின் உடம்புத் தகட்டோடு சேர்த்து நாலு போல்ட் போட்டு முறுக்கினார்.

"ஆட்டிப் பாரு," என்றார் என்னிடம். ஆட்டிப் பார்த்தேன். கார்தான் ஆடியது, பிராக்கெட் ஆடவில்லை.

"லேத்துல மொத பாடமே அதுதான். பிடிக்கிற இடம் அசையவே கூடாது."

நானும் சரிதான் என்று தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்தார்கள். இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கையாலேயே கேபிளை இழுத்தார்கள். இன்ஜின் சீராக ஏறியது, சீராக இறங்கியது. இன்னொரு தடவை இழுத்தார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கச்சேரிதான்.

நான் ஏறி உட்கார்ந்து முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். கார் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பதறிக் காலை எடுத்தேன், மூக்கை இடித்துக்கொள்கிற மாதிரி நின்றது. மறுபடி தொட்டேன், மறுபடி பாய்ந்தது. பட்டறை வாசலில் இருந்த தகரப் பீப்பாய் தப்பித்தது பெரிய விஷயம்.

"லேசா மிதிக்கணும்மா," என்றார் இவர்.

"லேசாத்தாங்க மிதிச்சேன்."

"இன்ஜின் பொய் சொல்லாது. நாங்க ரெண்டு பேரும் இப்பத்தானே பாத்தோம்? கால் கொஞ்சம் கனம் உனக்கு."

தம்பி ஏறித் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தான். "ஒண்ணும் இல்லக்கா, சூப்பரா இழுக்குது." அவன் தினமும் ஓட்டுவது கவிழ்ந்த லாரியை இழுக்கிற வண்டி. அவன் கிளம்பினாலே பக்கத்து வீட்டுப் பாத்திரம் உருளும். அவனைக் குதிரைமேல் உட்கார வைத்தாலும் சூப்பராகத்தான் இழுக்கும். சொன்னேன். சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. ஒரு நாள் ஸ்பிரிங்கை மாற்றினார். ஒரு நாள் தகட்டுக்கு அடியில் காற்று கசியாமலிருக்கப் புது பேக்கிங் வைத்தார். ஒரு நாள் கேபிளைத் தளர்த்தினார், அப்போது வண்டி நகரவே மாட்டேன் என்றது, திரும்ப இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துப் பார்ப்பார்கள், கச்சேரி நடக்கும், நான் ஏறுவேன், பாயும். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பரிவு வேறு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒன்பது வருஷமாக வீட்டில் இருந்தவள், கை கால் எல்லாம் மந்தமாகிவிட்டதோ என்று தோன்றியது. பழைய நர்ஸ் பெட்டியிலிருந்து குழந்தைகளை நிறுக்கிற தராசை எடுத்துச் சமையலறையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் மிதித்துப் பழகினேன். முள் அரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே கணக்கு. மகள் வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை வந்தது. பெரிய சிஸ்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத உடையில், மடியில் ஒரு அட்டையும் பேனாவுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். முதல் தெரு தப்பித்தேன். இரண்டாவது தெருவில் ஆள் கடக்கிற வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, செய்தித்தாளை மடித்துப் பிடித்திருந்த ஒரு மனிதரைக் கடக்கவிட்டு, கிளம்பத் தயாராகக் கிளட்ச்சை லேசாக விட்டேன். அவர் இன்னும் முழுசாகக் கடந்திருக்கவில்லை. கார் பாய்ந்தது. அவர் துள்ளி ஓரம் போனார், செய்தித்தாள் நடுரோட்டில் கிடந்தது. பெரிய சிஸ்டரின் பேனா டாஷ்போர்டுக்கு அடியில் உருண்டது.

"வண்டியில ஏதோ கோளாறு மேடம்," என்றேன். என் குரல் எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"எல்லாரும் வண்டியத்தாம்மா சொல்றாங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். குனிந்து பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தேன். கால் நிதானமில்லை என்று எழுதியிருந்தார். "புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு இன்னொரு தடவ வரேன். அதோட சரி."

செவ்வாய்க்கிழமை இவர் பட்டறைக்கு வந்த வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு, திரும்பவும் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். மத்தியானம் மாட்டினார். கையால் இழுத்தார். கச்சேரி. நான் ஓட்டிப் பார்த்தேன். பாய்ந்தது. ஆத்திரத்தில் அப்படியே ரிவர்ஸ் போட்டுப் பட்டறைக்குள் விட்டேன். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்ப முன்னால் எடுத்தேன், பாய்ந்தது. பின்னால் எடுத்தேன், வெண்ணெய். யோசித்துப் பார்த்தால் எட்டு நாளும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ரிவர்ஸில் ஒரு நாள்கூடக் குதிக்கவில்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். "ஏங்க, என் கால் கனம்னு சொன்னீங்கல்ல? பின்னாடி போகும்போது மட்டும் இளைச்சுடுதா அது?"

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு நின்றுவிட்டார்.

"பானட்டைத் திறங்க. முன்னாடி நிக்காதீங்க, பக்கத்துல நின்னு பாருங்க. தம்பி, நீ கதவைத் திறந்து என் காலைப் பாரு. காலை மட்டும் பாரு."

சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, வலது காலைப் பிரேக்கின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். முதல் கியர். கிளட்ச்சைத் துளித்துளியாக விட்டேன். இன்ஜின் உறுமல் தானாக ஏறியது. ஆக்சிலேட்டர் பக்கம் என் கால் போகவே இல்லை.

"மாமா," என்றான் தம்பி மெதுவாக, "அக்கா கால் பிரேக்குல இருக்கு."

இவர் தம்பியைப் பார்க்கவில்லை. இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் இன்ஜின் ரப்பர் மெத்தைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. இழுக்க ஆரம்பித்ததும் தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி ஒரு பக்கம் சாயும். இருபத்தாறு வருஷத்து ரப்பர், தாராளமாகவே சாய்ந்தது. அதோடு த்ராட்டில் பாடியும் சாய்ந்தது. ஆனால் கேபிளைப் பிடித்திருந்த பிராக்கெட் காரின் தகட்டோடு நாலு போல்ட்டில் இறுகி நின்றது. இடையில் மாட்டிய கேபிள் துணி காயப்போடுகிற கொடி மாதிரி விறைத்துக்கொண்டு மூடியைத் திறந்தது. திறந்ததும் இன்னும் இழுப்பு, இன்னும் சாய்வு. ரிவர்ஸில் இன்ஜின் எதிர்ப்பக்கம் சாயும், கேபிள் தளரும். சும்மா நிற்கிற வண்டியில் கையால் இழுத்துப் பார்த்தால் இன்ஜின் சாயவே சாயாது. கச்சேரியாகத்தான் கேட்கும்.

அவர் பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"இன்ஜின் அசையும்," என்றார். "அது கூடவே இதுவும் அசையணும். நான் அசையாத இடமா பாத்துக் கட்டிட்டேன்."

"எட்டு நாளுங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் ஓட்டும்போது பக்கத்துல வந்து உக்காந்தீங்களா?"

"இல்ல."

"ரோட்டுல ஒரு மனுஷன் செத்திருப்பான்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தம்பி பீப்பாய் பக்கம் போய் நின்றுகொண்டான். அவர் தப்பு செய்தது பெரிசில்லை, இரும்போடு மல்லுக்கட்டுகிறவர் தப்பு செய்வார். என் காலை என்னையே நம்பவிடாமல் செய்துவிட்டாரே, தராசில் மிதிக்க வைத்துவிட்டாரே, அதுதான் எரிந்தது.

புதன்கிழமை விடிந்ததும் பட்டறைக்குப் போய்ப் புது பிராக்கெட் செய்து, அதை இன்ஜின்மேல் இருந்த அலுமினியத் தகட்டோடேயே மாட்டினார். இனி இன்ஜின் எப்படிப் புரண்டாலும் கேபிளும் கூடவே புரளும். முடித்தபோது மணி ஏழே முக்கால். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பெரிய சிஸ்டர் வந்து முன்னால் ஏறியபோது இவர் ஸ்பேனரும் கையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இவர் யாரு?"

"வீட்டுக்காரர் மேடம்."

பெரிய சிஸ்டர் ஸ்பேனரைப் பார்த்தார். நான் கிளட்ச்சை விட்டேன். இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி அணைந்தது. பெரிய சிஸ்டர் பேனா மூடியைத் திறந்தார்.

பின்னால் கதவு திறக்கும் சத்தம். "மேடம், எழுதாதீங்க," என்றார் இவர். "அவ மேல தப்பில்ல. என் வேலையிலதான் ஏதோ பிசகு. ரெண்டு நிமிஷம், பானட்டைத் திறந்து பாத்துடறேன்."

எட்டு நாளாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஆக்சிலேட்டரின் மேல் அரைக் கிலோவோடு, பயந்துகொண்டு, தொட்டும் தொடாமலும் இருந்தது.

"கதவைச் சாத்திட்டு உக்காருங்க. வண்டி நல்லா இருக்கு." பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினேன். "திங்கக்கிழமை வண்டி மேடம். இன்னிக்கு நான்தான். அது குதிக்கும் குதிக்கும்னு பயந்தே கால் மிதிக்க மறந்துபோச்சு."

அவர் பேனாவை மூடினார். "அப்ப நல்லா மிதிம்மா."

மிதித்தேன். கார் சாதாரணமாகக் கிளம்பியது. ஏழு தெரு, இரண்டு சிக்னல், அதே வெள்ளைக் கோடு. யாரும் துள்ளவில்லை. ஒரு மாடி வீட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிய பெரிய சிஸ்டர், அட்டையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். மேலே ஒரு நோயாளியின் முகவரி, கீழே ஒன்பது மணி, படுக்கைப் புண், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நீங்க இறங்குங்க," என்றேன் பின்னால் பார்த்து.

"பட்டறை வரைக்கும் விட்டுட மாட்டியா?"

"எனக்கு வேலை இருக்குங்க. பஸ்ல போங்க."

இறங்கினார். ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். நான் கிளட்ச்சை விட்டபோது அவர் பானட்டைப் பார்க்கவில்லை, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.