மூச்சு விட்ட வெடிப்பு

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கார்த்திகை மழையில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கரிசல் காடெல்லாம் வெடிப்பு மூடிக்கொண்டது; சொர்ணத்தாய் புஞ்சையில் மட்டும் ஒரு வெடிப்பு மூடாமல் கிடந்து மூச்சு விட்டது. படுத்திருக்கும் பசுவின் மூச்சைப் போல வெதுவெதுப்பாக, நிதானமாக வந்தது. உளுந்துக்குக் களையெடுக்கப் போனவள் குனிந்து உள்பக்கத்து மண்ணைத் தொட்டாள். மண்ணுக்குள் நாடி துடித்தது. அன்றைக்கே உடைமுள்ளை வெட்டி மேலே போட்டுவிட்டு யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டாள். புருஷன் இல்லாதவள், பேய்க்காடு என்று பேர் விழுந்தால் யார் உழ வருவார்கள் என்பது ஒரு பயம். அது தன்னை அடையாளம் கண்டுதான் மூச்சு விடுகிறதோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

அதே மழையில் கண்மாய் உடைந்து கரையடிக் குடிசைகள் கரைந்து போயிருந்தன. அந்தச் சனங்கள் பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தார்கள். பள்ளி திறந்ததும் பொட்டலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். மார்கழி பிறந்தது. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் போர்வைகள் கொடுத்தனுப்பினார். பனியில் அவை நனைந்து கனத்தன. அவர்களில் இசக்கிபாண்டி என்பவனின் தகப்பனார் உட்கார்ந்தபடியே விறைத்துச் செத்துப் போனார். மறுநாள் காலை, அதே பொட்டலில் இருந்த பூங்கொடி தன் கைப்பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைச் சொர்ணத்தாய் பார்த்தாள். பிள்ளை அழவில்லை.

"ஏட்டி, பிள்ளையைத் தூக்கிட்டு என் பின்னால வா. எங்கனன்னு கேக்காத" என்றாள்.

புஞ்சைக்குக் கூட்டிப்போய் வெடிப்பின் மேல் கிடந்த முள்ளை விலக்கினாள். பூங்கொடி கால் வைத்ததும் வெடிப்பு ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு விலகிக் கொடுத்தது. சொர்ணத்தாய் இறங்கவில்லை, பயந்து வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை பால் குடிக்கிற சத்தம் மேலே கேட்டது. சாயங்காலத்துக்குள் பொட்டல் சனம் பூராவும் வந்து இறங்கிற்று. அத்தனை பேருக்கும் அது விலகிக் கொடுத்தது.

பொங்கல் நெருங்கையில், நன்றாக விடிந்த பிறகு, யாரும் எதிர்பாராத மழை இறங்கியது. கரிசல் ஊறி உப்பியது. வெடிப்பின் இரண்டு உதடுகளும் நெருங்கி வருவதைச் சொர்ணத்தாய் கண்ணால் பார்த்தாள். உள்ளே எல்லோரும் சூட்டில் அயர்ந்து கிடந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒருவரும் அசையவில்லை. ஓடிப்போய் ஆள் கூட்டிவர நேரமில்லை. இடது காலைத் தொடை வரைக்கும் வெடிப்புக்குள் விட்டாள். மண் கெண்டைக்காலைக் கவ்வியது.

"தாயே, உள்ள ஆளுக இருக்காவ" என்றாள். "வேணும்னா இந்தக் காலை வச்சுக்கோ."

மண் நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்தது போல நின்றது. முதலில் பிள்ளைகள் முழித்தன, அப்புறம் பெரியவர்கள். ஒவ்வொருவராக அவள் காலைப் பிடித்துக்கொண்டே மேலேறினார்கள். கடைசி ஆள் ஏறியதும் அது அவள் காலை மெல்ல விட்டுவிட்டு மூடிக்கொண்டது. அவளுக்கு நிற்காத குளிர்காய்ச்சல் கண்டது. தை முழுக்கப் படுக்கையில் கிடந்தாள்.

கரையடிச் சனங்களுக்குப் பின்னால் கான்கிரீட் வீடுகள் வந்தன. வெடிப்பு வருஷா வருஷம் மார்கழியில் திறந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து போக்கிடம் இல்லாதவர்கள் வந்தார்கள். சொர்ணத்தாய்க்குப் பயம் ஒரு வருஷம்கூடத் தணியவில்லை. இருந்தாலும் மேகம் கறுத்த நாளெல்லாம் போய், வெடிப்பு மூடாதபடி அதற்குள் காலை விட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டாயிரத்து நாலு வாக்கில் டவுன் பஸ் புஞ்சையோரம் நிற்கத் தொடங்கியது. டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர், "வெடிப்புக்கு எறங்குதவிய முன்னால வாங்க" என்பார். குளிரில் ஒடுங்கியிருந்த இரண்டொரு பேர் மூட்டையோடு எழுந்து வருவார்கள்.