நீலம் போன ஞாயிறு

மெர்சியின் கல்லறைக்கு இடப்பக்கம் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். பிரச்சினை இவ்வளவுதான். மற்றதெல்லாம் கடவுள் சம்பந்தப்பட்டது.

தொண்டாமுத்தூரிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சபை எங்களுடையது. எங்களுடையது என்பதே தப்பு; மெர்சியுடையது. அவள் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள். நான் சுப்பையன், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கல்யாணத்துக்குப் பிறகும் சுப்பையனாகவே இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மொபெட்டில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, எதிரே இருக்கிற பேக்கரியில் உட்கார்ந்துகொள்வேன். பிரசங்கத்தின் நீளத்தைத் தேங்காய்ப் பன்னில் அளந்தவன் நான்.

என் தொழிலைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ளக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்குத்தோப்புக்கு நான் காயில் கட்டிக்கொடுத்த மோட்டார், கரண்ட் போன பிறகும் அரை நாள் ஓடியது. பழக்கதோஷம். அவ்வளவுதான் சொல்வேன்.

மெர்சி போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் எனக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் படத்தைக் காட்டி, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்துவிடலாம் என்றார்.

"பொழச்சுக்குவேனுங்களா?"

"பெரும்பாலும்."

அந்த வார்த்தையை நானும் வாடிக்கைக்காரர்களிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் மகன் ரவிக்குமார் ஆறுதல் சொன்னான். "கவலப்படாதீங்க சித்தப்பா. ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா மின்மயானத்துல புக் பண்ணிக்கலாம். ஆயுசு பூரா கரண்டுலயே பொழச்சவரு, கரண்டுலயே போறது பொருத்தமாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலமே பாஸ்டர் கௌதமனைப் போய்ப் பார்த்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். சின்ன வயசு, நல்ல மனுஷன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களை மட்டும்தான் அடக்கம் செய்ய முடியும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

"அப்ப குடுத்துப்போடுங்க."

"அது ஊசி மாதிரி இல்லீங்க ஐயா. பாடம் இருக்குது. செவ்வந்தி டீச்சர் எடுப்பாங்க. அப்பறம் நான் கேள்வி கேப்பேன். சரியாச் சொன்னீங்கன்னா, ஆபரேஷனுக்கு மொத நாளு ஞாயித்துக்கெழம எடுத்துக்கலாம்."

செவ்வந்தி டீச்சர் சபையின் மூப்பர்களில் ஒருவர். கவர்மென்ட் ஸ்கூலில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். கணக்கு டீச்சர் என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"பிதா கடவுளுங்க," என்று ஆரம்பித்தார் டீச்சர். "குமாரன் கடவுளுங்க. பரிசுத்த ஆவியானவரும் கடவுளுங்க."

"ஆக மூணுங்க."

"ஒண்ணுங்க."

"டீச்சர், நீங்க கணக்கு டீச்சர்தானுங்களே?"

"இது கணக்கில்லீங்க. கணக்கா இருந்தா ஒரே பீரியடுல முடிச்சிருப்பேன்."

அடுப்புக்கு மூன்று கல் மாதிரியா என்று கேட்டேன். கல்லைத் தனித்தனியாக எடுத்துவிடலாம், கடவுளை அப்படிப் பிரிக்க முடியாது, தப்பு என்றார். சரி, ஒரே ஆள் வீட்டில் புருஷன், பட்டறையில் மெக்கானிக், பஸ்ஸில் பயணி, அந்த மாதிரியா என்றேன். அது ஒருத்தரே வேஷம் மாற்றுவது, அப்படிச் சொன்னவரை அந்தக் காலத்திலேயே சபையை விட்டு வெளியேற்றிவிட்டார்கள் என்றார். நான் என்ன சொன்னாலும் அதற்காக ஏதோ ஒரு நூற்றாண்டில் யாரோ ஒருவரை விரட்டியிருந்தார்கள். அவ்வளவு பேரும் சேர்ந்து செய்த தப்புகளை நான் தனி ஆளாக ஒரே வாரத்தில் செய்து முடித்தேன்.

வேதத்தில் எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள் என்றேன். அங்கேதான் முழுசாகத் தொலைந்தேன்.

முதல் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. இருட்டும் தண்ணீரும்தான். தண்ணீருக்கு மேலே ஆவியானவர் அசைந்துகொண்டிருக்கிறார். கொஞ்சம் தள்ளி, மனுஷனை உண்டாக்கும்போது கடவுள் பக்கத்தில் யாரையோ வைத்துக்கொண்டு யோசனை கேட்பது போலப் பேசுகிறார்.

"ஆருகிட்டப் பேசறாருங்க?"

"பொறுங்க."

அப்புறம் ஆபிரகாம். நல்ல வெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள். ஓடிப்போய் விழுந்து கும்பிட்டு, ஒருத்தரிடம் பேசுவது போலப் பேசுகிறார். கன்றுக்குட்டி அடித்து விருந்து வைக்கிறார்.

"எத்தன எல போட்டாருன்னு எழுதியிருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அத எழுதியிருந்தா தெரிஞ்சு போயிருக்குமுங்க."

அங்கிருந்து ஒரு பெருங்கட்டுப் பக்கத்தைத் தள்ளிவிட்டு டீச்சர் யோர்தான் ஆற்றுக்கு வந்தார். குமாரன் தண்ணீரில் நிற்கிறார். ஆவியானவர் புறா போல இறங்குகிறார். மேலேயிருந்து பிதாவின் குரல் கேட்கிறது.

"இப்பத்தான் மூணு பேரும் ஒரே எடத்துல," என்றேன்.

"ஆமாங்க."

"அப்ப மூணுங்க."

"ஒண்ணுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத மொதப் பக்கத்துலயே சொல்லியிருந்தா என்னுங்க? இத்தன பக்கம் தாண்டி, இத்தன பேரச் சாகடிச்சு, கடைசியில வந்து சொல்றதுக்கு?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்க, மெர்சியக்கா கல்யாணத்தன்னைக்கே அவங்களப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிப்போட்டாங்களா?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பேன். அவளுக்கு இடது காது கேட்காது என்பது கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் என் குறைகளையெல்லாம் அந்தக் காதில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீச்சல் தெரியும் என்பது, பக்கத்து வீட்டு ஆடு கிணற்றில் விழுந்த அன்றைக்குத் தெரிந்தது. ஆட்டுக்கு முன்னால் இவள் குதித்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். எல்லாம் அவள்தான். முதல் நாள் மாலை போட்டுக்கொண்டு நின்றவள்தான். எனக்குத்தான் தவணையில் தெரிந்தது.

புரிந்த மாதிரி இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது.

புதன்கிழமை பரீட்சை. பாஸ்டர் கௌதமன் எதிரே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் டீச்சர்.

"திரித்துவத்த, அதான் மூணும் ஒண்ணுங்கறதப் பத்தி உங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க ஐயா."

என் மனசில் இருந்தது மெர்சிக்குப் பக்கத்து இடம். அதைச் சொல்ல முடியாது. வாயில் மோட்டார் வந்தது.

"த்ரீ பேஸ் லைன் மாதிரிங்க. செவப்பு, மஞ்சள், நீலம்னு மூணு கம்பி. மூணும் தனித்தனி. ஆனா வர்றது ஒரே கரண்ட்டு, சுத்தறது ஒரே மோட்டாரு."

"ஒரு கம்பியில வராமப் போச்சுன்னா?" என்றார் டீச்சர்.

"மோட்டாரு எந்திரிக்காதுங்க. உறுமிக்கிட்டே கெடக்கும். ஒருத்தரில்லாட்டி மத்தவங்களும் இல்லீங்க."

டீச்சருக்கே முகம் மலர்ந்துவிட்டது. உதாரணம் எல்லாம் கொஞ்ச தூரம்தான் வரும் என்று பாஸ்டர் இழுத்தார். ஆனாலும் தேறிவிட்டேன். டீச்சர் அந்த உதாரணத்தை வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் சொல்ல, சபை முழுக்கப் பரவிவிட்டது. அங்கேதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். சபைக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டிய ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடந்தது. போர்வெல் மோட்டார் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, மஞ்சள் எரிந்தது. நீலம் எரியவில்லை. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்தது. லைன்மேனுக்குப் போன் செய்தால், திங்கட்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் நான் திறந்து கிடப்பேன்.

"ஒரு பேஸ் இல்லீங்க," என்றேன்.

கூட்டம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து பூவாத்தாள் என்ற வயசான அம்மா மெதுவாகக் கேட்டார்: "போனது ஆருங்க பாஸ்டரு? பிதாவுங்களா?"

"நீலமுங்க," என்றேன் நான்.

"ஐயோ, ஆவியானவரு," என்று நெஞ்சில் கை வைத்தார் பூவாத்தாள்.

"அம்மா, அது வெறும் பியூஸுங்கம்மா," என்றார் பாஸ்டர்.

ஒரு வழி இருக்கிறது, இல்லாத பேஸுக்குப் பதிலாகக் கன்டென்சர் வைத்து ரெண்டு பேஸிலேயே ஓட்டிவிடலாம், ஜில்லாவில் பாதித் தோட்டம் அப்படித்தான் ஓடுகிறது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஒருத்தரில்லாட்டி மத்தவங்களும் இல்லைன்னு புதங்கெழம சொன்னது நீங்கதானுங்களே?" என்று முன்னால் வந்தார் டீச்சர்.

"அது உதாரணமுங்க டீச்சர்."

"அந்த உதாரணத்துலதானுங்க நீங்க தேறுனீங்க. இப்ப ஆவியானவருக்குப் பதிலா கன்டென்சருங்களா?"

கூட்டம் முணுமுணுத்தது. ரெண்டு பேர் ஏற்றின தண்ணீரில் மூன்று பேர் நாமத்தில் முழுக்குச் செல்லுமா என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு மேலே போய் நிற்கும்போது ஆவியானவர் இவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். எனக்கே பயம் வந்துவிட்டது. பாஸ்டர்தான் பாவம். அவருக்குக் கரண்டும் தெரியும், வேதமும் தெரியும். ரெண்டையும் ஒரே மூச்சில் விளக்க வரவில்லை. கடைசியில், "மோட்டாரே வேண்டாமுங்க. ஏற்கெனவே தண்ணி இருக்கற எடத்துக்குப் போலாம்," என்றார்.

பக்கத்துத் தோப்பு தம்பிதுரையுடையது. தென்னைக்குப் பாய்ச்சப் பெரிய தொட்டி கட்டியிருக்கிறார். என் அப்பா அந்தத் தோப்பில் ஆயுசு பூரா தண்ணீர் கட்டினார், தொட்டியில் இறங்கியதில்லை. நான் அந்த மோட்டாருக்கு எத்தனையோ தடவை காயில் கட்டியிருக்கிறேன், நானும் இறங்கியதில்லை. இறங்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

சபையே பாட்டுப் பாடிக்கொண்டு வருவதைப் பார்த்துத் தம்பிதுரை கேட் வாசலுக்கு வந்துவிட்டார். பாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்.

தம்பிதுரை என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். "எறங்குங்க மெக்கானிக்கு. ஆனா தண்ணி முட்டிக்குத்தான் வரும். விடியக்காத்தால யானை வந்து குடிச்சுப்போட்டுப் போயிருச்சு."

அந்த யானை கேட்டைத் திறந்து வந்து, குடித்துவிட்டு, போகும்போது சாத்திவிட்டுப் போயிருந்தது. எங்கள் பக்கத்து யானைக்கு மரியாதை தெரியும்.

"அதென்னுங்க உங்க சாமி, மூணா ஒண்ணா?" என்று கேட்டார் தம்பிதுரை.

"அதுதானுங்க தெரியல," என்றேன்.

"எங்க குலசாமி கோயல்லயும் மூணு கல்லு இருக்குது. நாங்க யாரும் கூட்டிப் பாத்ததில்லீங்க."

டீச்சர் அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பாஸ்டர் என் கையைப் பிடித்து அவசரமாகத் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

முட்டித் தண்ணீரில் முழுக வேண்டுமென்றால் படுக்கத்தான் வேண்டும். உட்கார்ந்தேன். பாஸ்டர் ஒரு கையை என் முதுகுக்கும் ஒரு கையை நெஞ்சுக்கும் கொடுத்தார்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய ஒரே கடவுள விசுவாசிக்கிறீங்களா ஐயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மெர்சிக்குப் பக்கத்து இடம் எனக்கு. சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பொய் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது, தொழிலில் தேவைப்படும். ஆனால் அந்த நேரத்தில், அந்தத் தண்ணீரில், சொல்ல முடியவில்லை.

"மூணுங்களா ஒண்ணுங்களான்னு இன்னும் எனக்குப் புரியலீங்க பாஸ்டர்," என்றேன். "ஆனா அவுங்கள்ல ஆரு கூப்புட்டாலும் வாரேனுங்க."

பாஸ்டர் கௌதமன் தலையைத் திருப்பி டீச்சரைப் பார்த்தார். போயிற்று, இடம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ரவிக்குமார் எந்த மின்மயானத்தில் புக் பண்ணுவான் என்றுகூட யோசித்துவிட்டேன்.

டீச்சர் தொட்டி விளிம்பில் நின்று வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது போல உதட்டை அசைத்தார்.

"ஆரு கூப்புட்டாலும் மூணு பேரும்தான் கூப்புட்டிருப்பாங்க," என்றார். "சரிங்க பாஸ்டர். முக்குங்க."

முக்கினார். காது, மூக்கு எல்லாம் தண்ணீர். மூன்று நாமமும் தண்ணீருக்கு மேலே எங்கேயோ கேட்டது. அடியில் கிடந்தபோது ஒன்றுகூடப் புரியவில்லை. எழுந்து உட்கார்ந்தபோதும் அப்படியே இருந்தது. பூவாத்தாள் அழுதுகொண்டு பாடினார். தம்பிதுரை தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

திங்கட்கிழமை திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை கண் விழித்தேன். அந்த வாரம் பாஸ்டர் கௌதமன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டு, நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்:

"மெர்சியக்காவுக்குப் பக்கத்து எடம் உங்களுக்குத்தானுங்க ஐயா. கமிட்டியில பேசியாச்சு. நேத்துத்தான் ஆள் விட்டுப் புல்லெல்லாம் செதுக்கிச் சுத்தமா வெச்சிருக்கோம்."

"ரொம்ப சந்தோசமுங்க," என்றேன். "ஆனா ஒண்ணும் அவசரமில்லீங்க. புல்லு நல்லா மொளையட்டுமுங்க."