நாலாவது கட்டோடு போன திருத்தம்

வாஷிங்டனில் பாதுகாப்பு மசோதாவைப் பிரதிநிதிகள் சபையின் குழு எடுத்துக்கொள்ளும் நாளில், உறுப்பினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து முழங்குவார்கள். அவர்களுக்காக எழுதிக் கொடுத்தவர்கள் பின்னால் உட்கார்ந்து நகம் கடிப்பார்கள். உறுப்பினர் ஸ்ட்ரவுடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளர் கோரின் அன்று காலையிலேயே இரண்டு கை நகத்தையும் தீர்த்திருந்தாள்.

அவள் எழுதிய திருத்தம் ஐந்தே வரி. இராணுவக் குடியிருப்பில் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, அதனால் நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தக் குடும்பத்தைப் பத்து நாளில் வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். அப்படியொரு வீட்டில்தான் அவள் தங்கை டெஸ்ஸாவின் மகள் ஜூனி எட்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் அலைந்து, இரண்டு கட்சி ஆட்களிடமும் சம்மதம் வாங்கி, அதை நாலாவது கட்டில் சேர்த்திருந்தாள். சண்டையில்லாத திருத்தங்களை அப்படிக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, பேச்சே இல்லாமல் ஒரே குரலில் நிறைவேற்றிவிடுவார்கள்.

ஸ்ட்ரவுட் திரும்பினார். "கோரின், அந்தப் பூஞ்சை விஷயத்தைக் கட்டுலேர்ந்து வெளிய எடும்மா. தனியாப் பேசறேன். கேமரா வந்திருக்கு பாரு."

கோரின் அவசரமாக முன்னால் குனிந்தாள். தனியாக வந்தால் யாராவது செலவு எவ்வளவு என்று கேட்பார்கள், அதோடு கதை முடிந்தது.

"சார், பூஞ்சையைப் பேசினா டிவியில யாரு பாப்பா? ஹெலிகாப்டர் பேசுங்க. நம்ம ஊர்ல செய்யறதை இன்னும் இருபது வாங்கணும்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அஞ்சு நிமிஷம் பேசிட்டு வாபஸ் வாங்கிக்கலாம்."

பேசிவிட்டு வாபஸ் வாங்குவது அங்கே பழைய வழக்கம். பேசியவருக்குப் பேர், குழுவுக்கு நஷ்டமில்லை.

"ஹெலிகாப்டரா? கொடு, கொடு!"

மனிதர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். கேமரா அவர் பக்கம் திரும்பியதும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "அது மட்டுமில்லை, நாலாவது கட்டுல என்னோட இன்னொரு..." என்று ஆரம்பித்தார். கோரின் அவர் கோட்டின் வாலைப் பிடித்து இழுத்தாள், தையல் விடும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் இருமி, தண்ணீர் குடித்து, "வாபஸ் வாங்குகிறேன்" என்று உட்கார்ந்தார்.

"ஏம்மா, கோட்டைக் கிழிச்சிட்டியே!"

"நான் தைச்சுத் தரேன் சார்."

நாலாவது கட்டு பதினோரு விநாடியில் நிறைவேறியது. ஸ்ட்ரவுட் அப்போது கேமராக்காரரிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு பிரதிநிதிகள் சபை மசோதாவை நிறைவேற்றியது. செனட் தனக்கென்று வேறொன்றை நிறைவேற்றியது. இலையுதிர் காலம் முழுக்க இரண்டையும் ஒன்றாக்கும் வேலை நடந்தது. கோரின் நாள்தோறும் செனட் ஆட்களுக்குப் போன் போட்டு உயிரை வாங்கினாள். பத்து நாளை முப்பதாக்கிவிட்டார்கள். அன்று மட்டும் கழிப்பறையில் போய் அழுதாள். மற்ற நான்கு வரியில் யாரும் கை வைக்கவில்லை. டிசம்பரில் இரு சபையும் அதே மசோதாவை ஏற்க, வெள்ளை மாளிகையில் கையெழுத்தாகி அது சட்டமானது. தங்கையிடம் அவள் மூச்சு விடவில்லை. கடைசி நிமிடத்தில் செத்துப்போன திருத்தங்களை நிறையப் பார்த்தவள் அவள்.

மார்ச்சில் ஸ்ட்ரவுட் ஒரு கடிதத்தோடு அவள் மேசைக்கு வந்தார்.

"யாரோ டெஸ்ஸா பிராம்லெட்டாம். சட்டத்தைக் காட்டி வீடு மாத்திக்கிட்டாளாம். நன்றி சொல்லி எழுதியிருக்கா. இதை நான் எப்பம்மா பண்ணினேன்?"

"நாலாவது கட்டுல, சார்."

அவர் கடிதத்தை நின்றபடியே இன்னொரு முறை படித்தார். முகம் மாறியது.

"அந்தக் குழந்தை இப்ப இருமறதே இல்லையாம், கோரின். ஹெலிகாப்டரை விட இது எவ்வளவோ மேல். நல்லா ஒரு பதில் எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போடறேன்."

கோரின் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கூடப் பிறந்தவளுக்கு, "மதிப்புக்குரிய திருமதி பிராம்லெட்" என்று சந்தோஷமாக எழுத ஆரம்பித்தாள்.