துகள்கள் திறந்த வழி

புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களில் ஏற்றி, கட்டிக்கு மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இளையவள் ஆய்வகத்தில் செய்த வேலை இதுதான். வீட்டில் அவளுக்கு 'மருந்துக்காரி' என்று பட்டப்பெயர். வைத்தவள் அக்கா. அப்போது அக்காவுக்கு எந்த நோயும் இல்லை.

பிறகு அக்காவின் மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து முடியைக் கொட்டியது, வாயைப் புண்ணாக்கியது. அத்தான் மட்டும் மனம் தளராமல், "மச்சினியோட மருந்து வந்துடும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துகள் மருந்து கொடுத்த எலிகளில் கட்டி நன்றாகவே சுருங்கியது. ஆய்வகமே குதித்தது. ஆனால் ஒரு எலி மட்டும் கூண்டு மூலையில் விலா ஏறி இறங்க மூச்சு வாங்குவதை இளையவள் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அது செத்ததும் அதன் நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள். அங்கங்கே கொத்துக் கொத்தாகப் புற்றுச் செல்கள். மருந்தே கொடுக்காத எலிகளில்கூட அவ்வளவு இல்லை. ரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்திக்கொண்டுதான் துகள்கள் கட்டிக்குள் போயிருந்தன. அதே இடுக்கு வழியாகக் கட்டியின் செல்கள் நழுவி வெளியேறியிருந்தன.

தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வேறு எலிகளில் செய்து பார்த்தாள். அதேதான்.

பேராசிரியர் நெடுநேரம் படங்களைப் பார்த்தார்.

"சாயத்துல ஏதாவது கோளாறா?"

"மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன் சார்."

"மனுஷங்களுக்குக் குடுக்க அனுமதி கேக்கலாம்னு இருந்தோமேம்மா."

"வேண்டாம் சார்."

அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நிறுத்திடலாம். எல்லார்கிட்டயும் நானே பேசிக்கறேன். நீ கிளம்பு, பேயறைஞ்ச மாதிரி இருக்க."

அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அக்கா சாய்வு நாற்காலியில் இருந்தாள். கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இளையவள் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள்.

"அப்போ எனக்குப் போட்டிருந்தா?"

"பரவியிருக்கலாம்க்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னும் ஒரு வாரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்டி. அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருந்திருப்பேன்."

இளையவள் நழுவிய போர்வையை அக்காவின் காலில் இழுத்துவிட்டாள்.

"அத்தான்கிட்ட நீ வாயத் திறக்காத. நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்," என்றாள் அக்கா. பிறகு, "நாளைக்கு என்ன பண்ணுவ?"

"துகளோட அளவை மாத்திப் பார்க்கணும். மறுபடி மொதல்லேருந்து."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியலக்கா."

"சரி, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொஞ்சம் தலைய சாய். நம்ம ரெண்டு பேர்ல நோயாளி யாருன்னு நர்ஸுக்கே குழப்பம் வந்துடும்."

நாற்காலிக் கையில் தலை வைத்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

ஆய்வகத்தில் பெரிய துகள்களோடு வேலை மறுபடி தொடங்கியது. இம்முறை ரத்தக் குழாய்ச் சுவர் தளர்வது குறைந்தது. மருந்து உள்ளே போவதும் குறைந்தது. அக்காவின் கட்டி பழைய மருந்திலேயே ஓரளவு சுருங்க, அறுத்து எடுத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறாள். சற்று நேரம் பேசினாலே களைத்துப் படுத்துக்கொள்கிறாள். வேலை முடித்து வரும் இளையவளும், கைப்பையைக்கூடக் கழற்றாமல், அவள் பக்கத்தில் சாய்ந்துவிடுகிறாள்.