தாமதமாக வந்த தலைவர்

மனிதர் மன்றத்தின் தலைவருக்கு அன்று காலையிலிருந்தே ஒரே கவலை. மன்றத்தில் அவரையும் சேர்த்து ஐந்தே பேர். இந்த வாரக் கூட்டத்துக்கு ஐந்து கையெழுத்து விழாவிட்டால், கூட்டம் நடக்கும் நூலக அறையைச் சதுரங்க வகுப்புக்குக் கொடுத்துவிடுவதாக நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார். அறை போனால் மன்றமும் போகும். முப்பது வருடம் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டு ஒண்டியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய எரிச்சல் என்று அவருக்குத்தான் தெரியும். கும்பிடுகிறவர்களுக்குக் கூடிப் பேச ஓர் இடமாவது இருக்கிறது.

ஆகவே பதினான்கு பக்க உரை ஒன்று தயாராக இருந்தது. தலைப்பு, 'மனிதருக்கு மனிதரே துணை'. ஒன்பதாம் பக்கத்தில் குரலை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு டீச்சர் கதவைத் தட்டினார்.

"அண்ணே, சமையலறையில குழாய் உடைஞ்சு தண்ணி கூடத்துக்கே வந்துருச்சு. கொஞ்சம் வாங்களேன்."

"பத்து மணிக்குக் கூட்டம்மா. முடிச்சிட்டு வந்து பாக்குறேன்."

"நல்லா இருக்கு உங்க துணை!" என்று அவர் மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். தலைவர் பதிவேட்டையும் உரையையும் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

அங்கே ஈ காக்கை இல்லை. பத்தேகாலுக்கு நூலகர் எட்டிப் பார்த்து, "பன்னிரண்டு வரைக்கும் டைம்," என்றார். தலைவர் மச்சானுக்குப் போன் போட்டார்.

"மாமா, அக்கா எல்லாரையும் கூப்பிட்டுச்சு. உங்க கீழ்வீட்டுலதான் இருக்கோம்!"

தலைவர் பதிவேட்டோடு ஓடினார். மன்றத்தின் மற்ற நால்வரும் அங்கேதான் இருந்தார்கள். முடிதிருத்துபவர் உடைந்த குழாயில் துண்டைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். பஸ் டிரைவர் தண்ணீரை மொண்டு ஊற்ற, தையல்கார அம்மா மிதியடிகளைப் பிழிய, மச்சான் துடைப்பத்தோடு வழுக்கி விழுந்து எழுந்தான். ஒரே சிரிப்பு. எந்தக் கூட்டத்திலும் அவர்கள் இப்படிச் சிரித்ததில்லை. தலைவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அலமாரியை நகர்த்தி, பின்னாலிருந்த வால்வைத் திருகினார். தண்ணீர் நின்றது.

"அரை நிமிஷ வேலை," என்றாள் மனைவி.

அவருக்கு உடம்பே கூசிப்போனது.

நால்வரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் பேனாவுக்குக் கை நீட்டியதும் முடிதிருத்துபவர் தொண்டையைக் கனைத்தார்.

"தலைவரே, கூட்டம் பத்து மணிக்கே இங்க ஆரம்பிச்சாச்சு. இப்ப மணி பத்தரை. பத்து நிமிஷத்துக்கு மேல லேட்டா வந்தா கையெழுத்து கிடையாது. நீங்க எழுதின விதிதான்."

"அப்போ அஞ்சாவது?"

"என்னைப் பாக்காதீங்க, கூட்டம்னாலே எனக்கு ஆகாது," என்றாள் மனைவி.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் தினம் ரெண்டு வேளை சாமி கும்பிடுறவ. பரவாயில்லையா?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் விதிப் பக்கத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"மனுஷங்களா இருந்தா போதும்னுதான் எழுதியிருக்கேன்," என்றார் மெதுவாக.

டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஈரத்தில் மை லேசாகப் பரவியது. மச்சான் பதிவேட்டோடு நூலகத்துக்குப் பறந்தான்.

"உரை..." என்று டிரைவர் பயந்துகொண்டே இழுத்தார்.

பதினான்கு பக்கத்தையும் தலைவர் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். பதிவேட்டில் பெயர் ஏறாத அந்தத் தலைவர், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தரையைத் துடைக்க உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த மூலையில இன்னும் ஈரம் இருக்கு," என்றார் டீச்சர்.

தலைவர் அந்தப் பக்கம் நகர்ந்தார். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.