இருபத்துமூன்று மணி

ஸ்தனிஸ்லாஸ் செத்தால் அவருக்கு மணி அடிக்க ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது என்று ஃப்ளோரன்ஸ் டீச்சர் ஐந்து வருஷமாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வேண்டினாள். வெட்கப்படவே இல்லை.

மயிலாப்பூர்க் கடலோரத்து மாதா கோயிலில் மணி அடிப்பவர் அவர்தான். யாராவது இறந்தால் வயதுக்கு ஓர் அடி என்பது வழக்கம். அவள் தம்பி ஆம்ப்ரோஸ் இருபத்துமூன்று வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது, "இவனுக்கு மணி கெடையாது" என்று மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவன் சவப்பெட்டி கல்லறை மதிலுக்கு வெளியே போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் முந்தின நாள் ஆம்ப்ரோஸ் இவரிடம் போய், "வாழப் புடிக்கலை மாமா" என்று சொல்லியிருக்கிறான். "பாவப் பேச்சு பேசாதே, போ" என்று கதவைச் சாத்தியிருக்கிறார். அதைப் பிறகு அவரே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

நாற்பத்தைந்தாம் வருஷம், பர்மா சண்டையில் ஸ்தனிஸ்லாஸின் ஒரே மகன் இறந்துபோனதாகத் தந்தி வந்தது. ஃப்ளோரன்ஸ் துக்கம் கேட்கப் போகவில்லை. நல்லா வேணும் என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் காலை அவரே அவள் வாசலில் வந்து நின்று கூண்டுச் சாவியை நீட்டினார்.

"சாமியாரு ஊர்ல இல்லம்மா. வந்ததும் இத குடுத்துடு. எனக்கு இனிமே வேலை இல்லை."

ஆம்ப்ரோசும் கடைசி நாளில் தன் கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தான். அன்று அவளுக்கு விளங்கவில்லை. இன்று விளங்கியது. கேட்ட வரம் கைக்கு வந்துவிட்டது. சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினால் போதும். ஒரு கணம் அது அவளுக்கு இனித்தது.

சாவியோடு சேர்த்து அவர் கையையும் பிடித்தாள்.

"சாவப் போறீங்களா?"

"ஆமாம்மா. வூட்டுல எனக்குன்னு யாரு கீறாங்க?"

"உள்ள வந்து குந்துங்க. என் தம்பிக்கு நீங்க சாத்தின மாதிரி நான் சாத்த மாட்டேன். அவ்ளோ சுளுவா உங்கள விட்டுடுவேனா? நீங்க இருந்துதான் ஆவணும்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நோராவை அனுப்பி, ஆதம்பாக்கத்திலிருந்து அவர் தங்கை மர்சலினை வரவழைத்தாள். அதுவரை அவரைத் தனியே விடவில்லை. மகனைப் பற்றிக் கேட்டாள்; மத்தியானம் வரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டுவதற்கு ஆயிரம் வார்த்தை அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

மர்சலின் வந்து சேர்ந்ததும் சாவியை அவர் மடியில் போட்டாள். "எழுந்திருங்க. ஒரு வேலை கீது."

துக்க மணி கேட்டுத் தெருவே திரண்டு வந்தது. யாரு, யாரு என்றார்கள்.

"என் தம்பி ஆம்ப்ரோஸ்" என்றாள் ஃப்ளோரன்ஸ், விரல் விட்டு எண்ணிக்கொண்டே.

பத்தொன்பதில் மணி நின்றது. கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மர்சலின் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

ஃப்ளோரன்ஸ் மன்னிக்கவில்லை.

"அழுங்க, நல்லா அழுங்க. இன்னும் நாலு கீது. அத அடிச்சிட்டு, நாளைக்குக் காலைப் பூசைக்கும் நீங்கதான் அடிக்கணும். நான் வந்து நிப்பேன்."